ராஜாவுக்கு இரண்டு உடம்பு!

கி.பி. 1601, பிப்ரவரி மாதத் தொடக்கம். லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த 'குளோப்' நாடகக் கொட்டகைக்காரர்களைத் தேடி, பிரபுக்கள் குடும்பத்தைச் சேர்ந்த சிலர் வந்தார்கள். 'வருகிற சனிக்கிழமை நீங்கள் ரிச்சர்ட் ராஜா கதையைப் போட வேண்டும்' என்றார்கள்.

நடிகர்களுக்கு இஷ்டமில்லை. 'அது ரொம்பப் பழைய நாடகமாச்சே... கூட்டம் வராதே! வேறு ஒன்றைப் போடலாம் என்று இருக்கிறோம்' என்று இழுத்தார்கள். வந்தவர்கள் விடவில்லை. வழக்கமான வசூல் போக, தங்கள் கையிலிருந்து நாற்பது ஷில்லிங் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். தரையில் நின்று நாடகம் பார்க்க அன்றைய கட்டணம் ஒரு பென்னி. நாற்பது ஷில்லிங் என்றால் 480 பென்னி! அதாவது, 480 பேர் அதிகமாக வந்ததற்குச் சமம். நடிகர்கள் தலையாட்டிவிட்டார்கள்.

பிப்ரவரி 7, சனிக்கிழமை நாடகம் நடந்தது. அது அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவரான வில்லியம் ஷேக்ஸ்பியர் எழுதிய 'இரண்டாம் ரிச்சர்ட்' என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. முறைப்படி முடிசூட்டிக்கொண்ட ஒரு ராஜாவை, அவருடைய சித்தப்பா மகனே சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்காருகிற கதை. கீழே இறக்கப்பட்ட ராஜா கடைசியில் சிறையில் கொல்லப்படுகிறார். எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் வந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் எசெக்ஸோடு சேர்ந்து ஆயுதங்களுடன் தெருவில் இறங்கப் போகிறவர்கள் இவர்கள்!

கலகத்துக்கு முந்தின நாள் வாளைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நாடகம் பார்க்க எதற்குப் போனார்கள்?

அதைப் புரிந்துகொள்ள, அன்றைய இங்கிலாந்து ராஜாவைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உலகத்தை ஒரு பெரிய ஏணியாக அவர்கள் கற்பனை செய்தார்கள். உச்சியில் கடவுள். அப்புறம் தேவதூதர்கள், மனிதர்கள், மிருகங்கள், மரம் செடிகள், கடைசியில் கல்லும் மண்ணும். ஒவ்வொரு படியிலும் ஒரு தலைவன் உண்டு. மிருகங்களில் சிங்கம், பறவைகளில் கழுகு, மரங்களில் ஓக், உலோகங்களில் தங்கம், வானத்தில் சூரியன். மனிதர்களில்? சந்தேகமே இல்லாமல் ராஜா! ராஜாவை அசைத்தால் ஏணி முழுவதுமே ஆடும். கிரகங்கள் தடம் மாறும், மகன் அப்பாவை அடிப்பான், வேலைக்காரன் எஜமானை வெட்டுவான் - இப்படிப் போயிற்று அந்தப் பயம்.

அந்த ஏணி துணிமணி வரை வந்து நின்றது. யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று சட்டம்! 1574-ல் எலிசபெத் வெளியிட்ட ஒரு பிரகடனத்தின்படி, ஊதா நிறப் பட்டு அரச குடும்பத்துக்கும் மிகச் சில பெரிய பிரபுக்களுக்கும் மட்டும்தான். (வேடிக்கை என்னவென்றால், இறந்துபோன பிரபுக்களின் பழைய உடைகளை அவர்களுடைய வேலைக்காரர்கள் நாடகக் கம்பெனிகளுக்கு விற்றார்கள். லண்டனில் வேறு யார் போட்டாலும் தப்பாக இருந்த உடையை, ஒரு நடிகர் மேடையில் போட்டுக்கொண்டு ராஜநடை நடக்கலாம்!)

இந்தப் பாடம் ஜனங்களுக்கு எங்கே சொல்லித் தரப்பட்டது? சர்ச்சில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராதவர்களுக்கு 12 பென்னி அபராதம் - பன்னிரண்டு நாடகங்கள் பார்க்கிற காசு! அங்கே பாதிரியார் தம் இஷ்டத்துக்குப் பேசிவிட முடியாது. அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த பிரசங்கங்கள் இருந்தன. 1569-ல் வடக்கே கத்தோலிக்கப் பிரபுக்கள் கலகம் செய்தார்கள். 1570-ல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ், எலிசபெத்தை மதத்திலிருந்து விலக்கி, 'குடிமக்கள் யாரும் இவளுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை' என்று ஆணையிட்டார். அதற்குப் பதிலடியாக ஆறு பாகங்களில் நீளமான ஒரு பிரசங்கம் தயாரானது. அதன் சாரம் இதுதான்: உலகத்தின் முதல் கலகக்காரன் சாத்தான். ராஜாவை எதிர்ப்பவன் சாத்தானின் கட்சி. ராஜா கொடுங்கோலனாக இருந்தால்? அது ஜனங்கள் செய்த பாவத்துக்குக் கடவுள் தரும் தண்டனை. ஜெபம் செய்யலாம். அவ்வளவுதான்!

ராஜாவின் தலையில் பூசப்படும் புனித எண்ணெய்க்குக் கிரீடத்தைவிட மகிமை அதிகம். கிரீடத்தைக் கழற்றி வைக்கலாம். எண்ணெயை? ஒரு தரம் பூசியது பூசியதுதான்.

இத்துடன் வக்கீல்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். ஆறாம் எட்வர்ட் சிறுவனாக இருந்தபோது கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். 'மைனர் பையன் கொடுத்த குத்தகை செல்லுமா?' என்று எலிசபெத் காலத்தில் வழக்கு வந்தது. நீதிபதிகளும் வக்கீல்களும் கூடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ராஜாவுக்கு இரண்டு உடம்பு! ஒன்று, உங்களையும் என்னையும் போல - குழந்தையாக இருக்கும், ஜுரம் வரும், செத்துப்போகும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அரச உடம்பு. அதற்கு வயசு கிடையாது, நோய் கிடையாது, சாவும் கிடையாது. எனவே, ராஜா என்றைக்குமே மைனர் இல்லை. குத்தகை செல்லும்! எட்மண்ட் பிளவ்டன் என்ற வக்கீல் இதைக் குறித்துவைத்து 1571-ல் புத்தகமாகப் போட்டார். வழக்கில் சிக்கிய நிலம் 'லங்காஸ்டர்' எஸ்டேட்டைச் சேர்ந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எல்லோரும் அப்படியே நம்பினார்களா? டில்யார்ட் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1943-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், 'ஆமாம், அந்தக் காலத்து மனசே அப்படித்தான்' என்கிற மாதிரி சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. நானும் இவர்கள் கட்சிதான். எல்லோரும் நம்புகிற விஷயத்தை, அபராதம் போட்டு உட்காரவைத்து ஆறு பாகத்துக்குப் பிரசங்கம் செய்வார்களா என்ன? வீட்டுக்கு ஏழு பூட்டு போட்டிருக்கிறார்கள் என்றால் அந்தத் தெருவில் திருட்டு பயம் இருக்கிறது என்று அர்த்தம்!

அந்தப் பயத்துக்குக் காரணமான பழைய கதைதான் ரிச்சர்டின் கதை.

இரண்டாம் ரிச்சர்ட் 1377-ல் அரியணை ஏறியபோது வயது பத்து. மணிக்கணக்கில் நடந்த முடிசூட்டுச் சடங்கில் களைத்துப்போன சிறுவனை ஒரு வீரர் தோளில் தூக்கிக்கொண்டு போக, வழியில் ஒரு காலின் புனிதச் செருப்பு கழன்று விழுந்து தொலைந்ததாம். 1381-ல் விவசாயிகள் கலகம் வெடித்தது. ஸ்மித்ஃபீல்டில் அவர்களுடைய தலைவன் வாட் டைலர், ராஜாவின் கண்ணெதிரே வெட்டப்பட்டான். கொதித்தெழுந்த கூட்டத்துக்கு முன்னால் பதினாலு வயசு ரிச்சர்ட் தனியாகக் குதிரையை ஓட்டிக்கொண்டு போய், 'இனி நானே உங்கள் தலைவன்' என்றான். கூட்டம் அடங்கியது! அசாத்தியத் துணிச்சல்தான். (பிற்பாடு, கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் காற்றில் பறந்தன. பலர் தூக்கிலிடப்பட்டார்கள்.)

'ராஜா என்ற வார்த்தைக்கே இந்த வசியம் உண்டு' என்று அந்த வயசில் மனசில் பதிந்துவிட்டது போலும். பெரியவனானதும் சாப்பாட்டுக்குப் பிறகு சிம்மாசனத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். பார்வை யார்மேல் விழுகிறதோ அவர் உடனே மண்டியிட வேண்டும். சட்டமெல்லாம் தன் வாயிலும் நெஞ்சிலும் இருப்பதாகச் சொன்னார் என்று பின்னால் அவர்மேல் குற்றச்சாட்டே வந்தது.

1397-ல் அவருடைய சித்தப்பா ஒருவர் கலேயில் ரகசியமாகக் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் சித்தப்பா மகன் ஹென்றி பாலிங்புரோக்கும் மோப்ரே என்ற பிரபுவும் ஒருவரை ஒருவர் துரோகி என்று குற்றம்சாட்டி, கவென்ட்ரியில் நேருக்கு நேர் மோதத் தயாரானார்கள். ரிச்சர்ட் கடைசி நிமிஷத்தில் மோதலை நிறுத்தி, இருவரையும் நாடு கடத்தினார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். 1399 பிப்ரவரியில் பாலிங்புரோக்கின் அப்பா ஜான் ஆஃப் கான்ட் இறந்துபோனார். லங்காஸ்டர் பிரபு! இங்கிலாந்தின் மிகப் பெரிய சொத்துக்காரர். மகனுக்குப் போக வேண்டிய அத்தனையையும் ராஜா பிடுங்கிக்கொண்டார்.

ஷேக்ஸ்பியர் சரியாக இந்த இடத்தில் விரலை வைக்கிறார். நாடகத்தில் ரிச்சர்டின் இன்னொரு சித்தப்பாவான யார்க் பிரபு, ரொம்பச் சாது. வாழ்நாள் முழுக்க ராஜ விசுவாசி. அவரே தாங்காமல் பொங்கிவிடுகிறார். அவருடைய வாதம் இப்படிப் போகிறது: அப்பாவின் சொத்து மகனுக்கு வருவது தப்பு என்றால், தாத்தாவிடமிருந்து உனக்கு இந்த சிம்மாசனம் வந்தது மட்டும் எப்படிச் சரி? நீ ராஜாவாக இருப்பதே அந்த வரிசைமுறையினால்தானே!

ஏணியின் உச்சிப்படியில் நிற்பவனைத் தாங்குவது கீழே இருக்கும் படிகள்தான். சர்ச்சில் படித்த பிரசங்கம் கீழே இருப்பவன் கையை நீட்டக் கூடாது என்று சொன்னதே தவிர, மேலே இருப்பவன் படியை உடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ஷேக்ஸ்பியரின் ரிச்சர்ட், யார்க் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அயர்லாந்து யுத்தத்துக்குக் கிளம்பிப் போகிறார்.

ராஜா இல்லாத சமயம் பார்த்துப் பாலிங்புரோக் இங்கிலாந்தில் வந்து இறங்கினார். என்ன சொல்லிக்கொண்டு? 'ராஜாவுக்கு எதிராக வரவில்லை. என் அப்பாவின் சொத்தைக் கேட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்!' கதவைத் தட்டும் கலகக்காரன்கூட ராஜவிசுவாசத்தின் பாஷையில்தான் தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரபுவும் 'நாளைக்கு நம் நிலத்துக்கும் இதே கதிதானே' என்று கணக்குப் போட்டு அவர் பக்கம் சாய்ந்தார்கள். நாடகத்தின் ரிச்சர்ட், தான் சூரியன் என்றும், தேவதூதர்கள் தனக்காகப் போரிடுவார்கள் என்றும், பூசிய எண்ணெயை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது என்றும் நம்பிக்கொண்டே அயர்லாந்திலிருந்து திரும்புகிறார். தேவதூதர்கள் வரவில்லை. வெல்ஷ் படையும் கலைந்து போயிருந்தது.

நாடகத்தின் நடுவில், தோட்டக்காரர்கள் செடிகளை வெட்டிக்கொண்டே பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று வருகிறது. கிளையை வேளாவேளைக்குக் கழிக்காத தோட்டக்காரனைப் போல ராஜா நாட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று அவர்கள் பேச, மறைந்திருந்து கேட்ட மகாராணி ஆத்திரத்தோடு வெளியே வருகிறாள். 'கொஞ்சம் மண்ணைவிட உயர்ந்த நீ இதையெல்லாம் பேசலாமா' என்கிற தோரணையில் திட்டுகிறாள். ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவன் உச்சிப்படியைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால் எப்படிச் சுடும் பாருங்கள்! தலைமைத் தோட்டக்காரனுக்குக் கோபம் வரவில்லை. அவள் கண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு செடி நட்டுவைக்கிறான்.

அப்புறம் பதவி இறக்கம். இங்கேதான் பெரிய சிக்கல்! எண்ணெய் பூசிய ராஜாவை யார் இறக்குவது? பாதிரியாராலும் முடியாது, பார்லிமென்ட்டாலும் முடியாது. குடிமகன் எப்படி ராஜாவுக்குத் தீர்ப்பு சொல்ல முடியும் என்று கார்லைல் பிஷப் எழுந்து கேட்கிறார். (கேட்டதற்காகக் கைது!) எனவே, ரிச்சர்டே தன் கையால் கிரீடத்தையும் செங்கோலையும் கொடுத்து, முடிசூட்டு விழாவைத் தலைகீழாக நடத்துகிறார். பிறகு ஒரு கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, ராஜாவாக இல்லாத தன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார். முகம் அப்படியேதான் இருக்கிறது! கண்ணாடியைத் தரையில் போட்டு உடைக்கிறார். ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்பு பிரிகிற இந்தக் காட்சிதான் வக்கீல்களின் 'இரண்டு உடம்பு' சித்தாந்தத்துக்கு மிகச் சரியான உதாரணம் என்று, 1957-ல் கான்டோரோவிச் என்ற சரித்திர ஆசிரியர் எழுதினார்.

நிஜத்தில் 1399 செப்டம்பர் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில், காலியான சிம்மாசனத்துக்கு முன்னால், ரிச்சர்ட்மேல் 33 குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டன. பாலிங்புரோக் நான்காம் ஹென்றி ஆனார். மண்டபத்தின் மாபெரும் மரக்கூரை ரிச்சர்ட் போடச் சொன்னது. சுவரெல்லாம் அவருடைய சின்னமான வெள்ளை மான்! இன்னொரு கூத்தும் உண்டு. புனித தாமஸ் பெக்கெட்டுக்கு மேரி மாதாவே கொடுத்தது என்று நம்பப்பட்ட எண்ணெய்க் குப்பி ஒன்று ரிச்சர்டின் கண்ணில் பட்டதாம். 'இதை எனக்கு மறுபடி பூசுங்கள்' என்று கேட்டிருக்கிறார். 'ஒரு தடவை பூசியாயிற்றே' என்று பேராயர் மறுத்துவிட்டார். கடைசியில் அந்த எண்ணெய் போய்ச் சேர்ந்தது ஹென்றியின் தலையில்! (அதற்கப்புறம் ஹென்றிக்குப் பேன் பிடித்து முடி கொட்டிப்போனது என்று அக்காலத்துச் சரித்திரக் குறிப்பு ஒன்று நமட்டுச் சிரிப்போடு சொல்கிறது.) ரிச்சர்ட் 1400 தொடக்கத்தில் பான்டிஃப்ராக்ட் கோட்டையில் இறந்துபோனார். பட்டினி போட்டிருக்கலாம். ஹென்றி செய்த முதல் காரியங்களில் ஒன்று, லங்காஸ்டர் எஸ்டேட்டை அரசாங்கச் சொத்தோடு கலக்காமல் தனியே பத்திரப்படுத்தியது. பதவி போனாலும் சொத்து நிற்க வேண்டும் அல்லவா? ராஜாக்களை எப்படி இறக்குவது என்பது அவருக்குத்தானே நன்றாகத் தெரியும்!

இருநூறு வருஷம் கழித்து எலிசபெத்துக்கு வயசாகிவிட்டது. வாரிசு இல்லை. அதைப் பற்றிப் பேசவே தடை. பேசிய பீட்டர் வென்ட்வொர்த் என்ற எம்.பி. லண்டன் டவர் சிறையிலேயே செத்துப்போனார். 1597-ல் 'இரண்டாம் ரிச்சர்ட்' அச்சில் வந்தபோது, பதவி இறக்கும் காட்சியில் சுமார் 160 வரிகள் அதில் இல்லை. ராணி செத்து ஐந்து வருஷம் கழித்து, 1608 பதிப்பில்தான் அவை வெளியே வந்தன. 1599-ல் ஹேவர்ட் என்பவர் இதே ஹென்றியின் சரித்திரத்தை எழுதி எசெக்ஸ் பிரபுவுக்குச் சமர்ப்பணம் செய்ய, அவரை டவரில் அடைத்தார்கள். 'இதில் ராஜத்துரோகம் இருக்கிறதா?' என்று ராணி, பிரான்சிஸ் பேக்கனிடம் கேட்டார். 'துரோகம் இல்லை அம்மா, திருட்டு இருக்கிறது. டாசிட்டஸிடமிருந்து ஏகப்பட்ட வரிகளைத் திருடியிருக்கிறார்' என்று சொல்லிச் சமாளித்தார் பேக்கன்.

அந்த எசெக்ஸ் பிரபு ஒரு காலத்தில் ராணியின் செல்லப்பிள்ளை. அயர்லாந்து யுத்தத்தில் சொதப்பிவிட்டு, அனுமதியில்லாமல் திரும்பி வந்து, சேறு படிந்த உடையோடு ராணியின் படுக்கையறைக்குள் நுழைந்தவர். 1600-ல் அவருடைய முக்கிய வருமானமான இனிப்பு ஒயின் குத்தகையை ராணி புதுப்பிக்கவில்லை. தலைவரைப் பாலிங்புரோக் என்றே அவருடைய ஆட்கள் நினைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அதனால்தான் நாடகம் பார்க்கப் போனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்ன வயசிலிருந்து ஞாயிறுதோறும் காதில் விழுந்த பிரசங்கத்தை மறக்க, 'ஒரு தடவை நடந்திருக்கிறது... உலகம் இடிந்து விழவில்லை' என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது!

பிப்ரவரி 8, ஞாயிறு. எசெக்ஸ் சுமார் முன்னூறு பேரோடு லண்டன் நகரத்துக்குள் புகுந்தார். என்ன கத்தினார் தெரியுமா? 'ராணிக்காக! ராணிக்காக!' ஜனங்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர்கூடச் சேரவில்லை. உதவுவார் என்று நம்பிய ஷெரிஃப் தாமஸ் ஸ்மித்தின் வீட்டுக்குப் போனார். ஸ்மித் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். (அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்திருந்தது. அதன் முதல் கவர்னர் இதே ஸ்மித்!) வியர்வையில் நனைந்திருந்த எசெக்ஸ் மாற்றிக்கொள்ள ஒரு சட்டை கேட்டார். அன்றிரவே சரணடைந்தார். பிப்ரவரி 19 அன்று விசாரணை நடந்தது ரிச்சர்டின் கூரைக்குக் கீழே, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில். அரசுத் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் பேக்கன் - எசெக்ஸின் பழைய நண்பர்!

நாடகக் கம்பெனி என்ன ஆனது? அகஸ்டின் ஃபிலிப்ஸ் என்ற நடிகரை அழைத்து விசாரித்தார்கள். நாற்பது ஷில்லிங் விவகாரமெல்லாம் அவருடைய வாக்குமூலத்திலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. நடிகர்களை ஒன்றும் செய்யவில்லை. அதுமட்டுமா... பிப்ரவரி 24 அன்று அதே கம்பெனி ராணியின் முன்னால் ஒரு நாடகம் நடத்தியது. மறுநாள் காலை டவரில் எசெக்ஸின் தலை மூன்று வெட்டில் விழுந்தது. நாடகம் பார்த்த கெல்லி மெரிக்கைத் தூக்கில் போட்டார்கள். மேடையில் பார்த்ததை நாட்டில் நடத்த ஆசைப்பட்டார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று.

அந்த ஆகஸ்டில் வில்லியம் லம்பார்ட் என்ற வயசான ஆவணக் காப்பாளர், டவரில் இருந்த பழைய தஸ்தாவேஜுகளின் பட்டியலை ராணியிடம் கொடுத்தார். படித்துக்கொண்டே வந்த எலிசபெத், ரிச்சர்டின் ஆட்சிக்காலம் வந்ததும் நிறுத்தி, அந்த ரிச்சர்ட் தான்தான், அது தெரியாதா என்று கேட்டதாக அந்தச் சந்திப்பின் குறிப்பு சொல்கிறது. இந்த நாடகத்தைத் தெருவிலும் வீடுகளிலும் நாற்பது தடவை நடத்தினார்களே என்று குமுறினாராம். இரண்டே வாரத்தில் லம்பார்ட் இறந்துபோனார்.

1642-ல் பார்லிமென்ட், முதலாம் சார்லஸ் மன்னரை எதிர்த்து யுத்தத்தில் இறங்கியது. யார் பெயரால்? 'ராஜாவின்' பெயரால்! கண்ணுக்குத் தெரிகிற ராஜா தப்பு செய்கிறார், சாகாத அந்த இன்னோர் உடம்பு எங்களிடம் இருக்கிறது என்றார்கள். ராஜாவைக் காப்பாற்ற வக்கீல்கள் கண்டுபிடித்த சித்தாந்தம், ராஜாவின்மேலேயே பாய்ந்தது. 1649 ஜனவரியில் அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சார்லஸ் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து, என்ன அதிகாரத்தில் என்னை விசாரிக்கிறீர்கள் என்று கேட்டார். நாடகத்தில் கார்லைல் பிஷப் கேட்ட அதே கேள்வி. தலைமை நீதிபதி பிராட்ஷா தன் பேச்சில் முன்னுதாரணமாகக் காட்டியவர்களில் ஒருவர், இரண்டாம் ரிச்சர்ட். ஜனவரி 30 அன்று சார்லஸின் தலை வெட்டப்பட்டது.

கிரீடங்களை உருக்கி விற்றார்கள். புனித எண்ணெய் ஊற்றும் பழைய வெள்ளிக் கரண்டி ஒன்று மட்டும் தப்பியது. அரண்மனைச் சாமான்களைக் கவனித்துவந்த கின்னர்ஸ்லி என்பவர் அதைப் பதினாறு ஷில்லிங்குக்கு வாங்கி வைத்திருந்து, முடியாட்சி திரும்பியதும் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்துவிட்டார். (இந்தச் சார்லஸ் காலத்திலும் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தைப் புதுப்பித்து எழுதி, வேறு பெயரில்கூடப் போட்டுப் பார்த்தார்கள். உடனே தடை!)

2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூட்டிக்கொண்டபோது பயன்பட்டது அதே கரண்டி. விழா முழுவதும் உலகமெங்கும் டி.வி.யில் தெரிந்தது. எண்ணெய் பூசும்போது மட்டும் மூன்று பக்கமும் திரை கட்டி, காமிராவுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார்கள்.